வெண்டல் வீட்டுப் பூட்டு

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் மினசோட்டாவின் அந்தச் சின்ன ஊரில் ஜனங்கள் காரைப் பூட்டத் தொடங்கிவிடுவார்கள். மற்ற மாதங்களில் வீட்டையே பூட்டமாட்டார்கள். திருட்டுப் பயம் இல்லை, சுக்கினிப் பயம். எல்லார் தோட்டத்திலும் அந்தப் பச்சைக் காய் கை நீளத்துக்குக் காய்த்துத் தள்ளும். தின்று மாளாது. திறந்த கார் ஒன்று கண்ணில் பட்டால் போதும், அக்கம்பக்கத்தார் சத்தமில்லாமல் நாலைந்தை உள்ளே வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள்.

வெண்டலின் வண்டிக்குள் மட்டும் இதுவரை ஒரு காய்கூட நுழைந்ததில்லை. அதில் அவருக்குப் பெருமை. அதைவிடப் பெரிய பெருமை அவருடைய கணினி. கணினியை இயக்க ஊரே விண்டோஸ் வைத்திருக்க, அவர் மட்டும் லினக்ஸ். வைரஸ் என்ற வஸ்து அந்தப் பெட்டியின் வாசலை மிதித்ததே இல்லை. இதை அவர் சர்ச்சில் காபி குடிக்கும்போது சொல்வார். பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டும் சொல்வார்.

அந்தப் பெருமை முற்றி ஒரு நாள் தீர்மானமாகிவிட்டது. மனைவி ஆர்டிஸின் கணினியிலும் விண்டோஸைத் துடைத்தெறிந்துவிட்டு லினக்ஸ் போட்டே தீருவது!

ஆர்டிஸுக்குப் பகீரென்றது. அவளுடைய எம்பிராய்டரி மிஷினுக்கான மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். மாவட்டக் கண்காட்சி நெருங்கிவிட்டது. போட்டிக்குத் தைக்கும் போர்வையோ பாதியில் நிற்கிறது.

"நான் பாட்டுக்கு ஒரு மூலையில தைச்சுக்கிட்டு இருக்கேன். என் கணினி உங்களை என்னங்க பண்ணுச்சு?"

"ஆபத்து உனக்குப் புரியல ஆர்டிஸ். வைரஸ் எழுதுறவன் திருடன். அவன் கள்ளச்சாவி செஞ்சா எந்தப் பூட்டுக்குச் செய்வான்? ஊரெல்லாம் தொங்குற பூட்டுக்கா, ஒரே ஒரு வீட்ல தொங்குற பூட்டுக்கா?"

"ஊரெல்லாம் தொங்குறதுக்குத்தான்."

"அப்போ?"

"அப்போ திருடன்கூட உங்களை ஒரு ஆளா மதிக்கலேன்னு அர்த்தம்."

வெண்டலுக்குச் சுருக்கென்றது.

"பூட்டும் நல்ல பூட்டுதான்! கண்ட இடத்துல இருந்து எதையும் எடுத்துப் போடமாட்டேன். சோதிச்சு வெச்ச ஒரே இடத்துல இருந்துதான் எல்லாம் வரும். அதை மீறி எதாவது நுழையப் பார்த்தா என் பாஸ்வேர்டைக் கேக்கும். நான் குடுத்தாத்தான் உள்ள."

"நீங்களே குடுத்துட்டா?"

"நானா? நான் குடுப்பேனா?" வெண்டல் சிரித்த சிரிப்பில் சட்டைப் பொத்தான் தெறித்து நாயின் மேல் விழுந்தது.

ஆர்டிஸ் ஊசியை வைத்தாள். "சரி, பந்தயம். சனிக்கிழமைக்குள்ள யார் ஏமாந்து கண்டதை உள்ள விடுறோமோ அவங்க தோத்தாங்க. நான் தோத்தா என் கணினியைத் துடைச்சுக்கோங்க. நீங்க தோத்தா?"

"தோத்தா உன் கணினிப் பக்கமே வரமாட்டேன். ஊர்க்காரங்க குடுக்கிற சுக்கினி மொத்தத்தையும் நானே தின்னுறேன்!"

அன்றைக்கே வலை விரித்தார். வேறொரு முகவரியிலிருந்து 'இலவச எம்பிராய்டரி டிசைன்கள், இங்கே தட்டுங்கள்' என்று அவளுக்கு ஒரு மெயில். கதவிடுக்கில் நின்று காத்திருந்தார்.

"ஏங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "டிசைன் கடைக்காரர் மெயிலுக்கு அடியில 'அன்புடன், வெண்டல்'னு தானா விழுந்திருக்கு. அதை எடுத்துட்டு மறுபடி அனுப்புங்க."

வெள்ளிக்கிழமை வெண்டலுக்கு ஒரு மெயில் வந்தது. மினசோட்டா லினக்ஸ் வல்லுநர் பேரவையாம். இந்த ஆண்டின் 'தகர்க்க முடியாத காவலர்' விருது அவருக்காம். கூடவே வந்த சின்ன நிரலை ஓட்டினால் பதக்கம் திரையில் மின்னுமாம். வெண்டல் இரண்டு முறை படித்தார். காலரை நிமிர்த்திக்கொண்டார். கடைசியில் ஒருவராவது கண்டுகொண்டாரே!

நிரலை ஓட்டினார். விசுவாசமான கணினி முறைப்படி பாஸ்வேர்டைக் கேட்டது. வெண்டல் நெஞ்சை நிமிர்த்தி ஒவ்வோர் எழுத்தாக அழுத்தினார்.

திரை இருண்டது. பிறகு பளபளவென்று ஒரு பெரிய பச்சைச் சுக்கினி வந்து உட்கார்ந்தது. அதன் கழுத்தில் பதக்கம்.

"ஆர்டிஸ்!"

"படம் மட்டும்தான் மாறியிருக்கு, பயப்படாதீங்க." அவள் வாசற்படியில் தயாராக நின்றாள்.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்டே நீ?"

"வருஷக்கணக்கா சாப்பாட்டு மேசையில யாரு பாடம் நடத்துனது? நான் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்."

அந்தக் கோபத்திலும் வெண்டலுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என்ன இருந்தாலும் அவருடைய மாணவி அல்லவா! அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இந்த உலகத்தில் அவர் நம்புவதற்கு மிச்சமிருந்தது அந்த வண்டி ஒன்றுதான். பூட்டைத் திறந்தார்.

பக்கத்து இருக்கையில் மூன்று சுக்கினிகள் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"நான் பூட்டித்தானே வெச்சிருந்தேன்! எப்படி உள்ள வந்துச்சு?"

ஆர்டிஸ் வாணலியோடு எட்டிப் பார்த்தாள்.

"காலையில சாவி கேட்டேன். குடுத்தீங்க."