கறுப்புப் போர்வைச் சடங்கு

நிலா எழுந்தால்கூட “இது யார் வீட்டு வழக்கம்?” என்று கேட்கக்கூடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மேனாம்பேட்டில் எங்கள் மாடியில் குடியிருந்தார். நான் படித்த கல்லூரியில் மானிடவியல் வாத்தியார். தெருவுக்கு அவர் ‘ஆராய்ச்சி’.

எதிர்வீட்டில் புது ஃப்ரிட்ஜைக் கூடத்தில் நிறுத்தி, பூத்துணி போர்த்தி, குங்குமம் வைத்திருந்தார்கள். ஆராய்ச்சி செருப்பை வாசலில் விட்டுப் போய்க் கைகூப்பி, இந்தத் தெய்வத்துக்கு எந்த மாதம் திருவிழா என்று பணிவாக விசாரித்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவருக்கு மட்டும் பானைத் தண்ணீர்.

ஓர் ஆடியில் எங்கள் கல்லூரி மாணவர்கள் அம்மன் கோயிலுக்கு ஆய்வுக்கு வந்தார்கள். சாமி வந்து ஆடிய என் அம்மாவைக் காட்டி, இது நரம்புக் கோளாறு என்று ஒரு பேராசிரியர் விளக்கினார். பையன்கள் வாய்பொத்திச் சிரித்தார்கள். தெளிந்து எழுந்த அம்மாவின் காதில் அந்தச் சிரிப்பு விழுந்துவிட்டது. மஞ்சள் புடவையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். இனி ஆடுவதில்லை என்றாள். தெருவே கெஞ்சியும் கேட்கவில்லை.

அடுத்த கோடையில் எனக்குப் பட்டமளிப்பு விழா. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம். வெயிலில் மைதானம் தண்ணீர் போல் அலைந்தது. பேராசிரியர்கள் ஊர்வலத்தில் போகவேண்டிய ஆராய்ச்சி, கறுப்பு அங்கியோடு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவர்களுக்கு முன்வரிசையில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

“பாருங்கம்மா, இது ஒரு கூட்டம். வெயில் காலத்துல கறுப்புப் போர்வை போத்திக்குவாங்க. மேளம் கேட்டா வரிசையா நடப்பாங்க. சிரிச்சா குத்தம்.”

ஊர்வலத்தில் முன்னால் வந்தவர் அந்த நரம்புப் பேராசிரியர். கழுத்தில் ஆறாக வியர்வை. அம்மா உச்சுக் கொட்டினாள்.

“பாவம், இன்னா நேர்ந்துகினாரோ.”

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஆராய்ச்சி மட்டும் சிரிக்கவே இல்லை. அதுதான் அவர் வித்தை. மேடையிலிருந்து மிதப்பது போல் நான் இறங்கி வந்தேன். அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

“எனக்கு சாமி வந்தா நாலு பேரு தாங்கிப் புடிப்பாங்க. உன்ன ஒத்தரும் புடிக்கலியே, நைனா.”

அந்த ஆடியில் மஞ்சள் புடவை வெளியே வந்தது. சாம்பிராணிப் புகைக்குள் அம்மா காற்றில் நடப்பவள் போல் ஆடினாள். அவள் சாய்ந்தபோது முதலில் தாங்கியவை கறுப்பு அங்கிக்குள்ளிருந்து நீண்ட இரண்டு கைகள். ஆராய்ச்சிதான், நெற்றி நிறைய விபூதி. இதென்ன வேஷம் சார் என்று கேட்டதற்கு, “சடங்குக்கு சடங்கு உடுப்புலதானே வரணும்” என்றார்.

பிறகு மாற்றலாகி எங்கோ போய்விட்டார். இன்றும் ஆடியில் அம்மா சாயும்போது, ஒரு ஆள் குறைகிற இடத்துக்கும் சேர்த்து என் கைகள் கொஞ்சம் அகலமாகவே விரிகின்றன.