குழந்தை இயேசு ரயில் ஏறிய கதை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மாடல் ரயில் விடுகிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, அதில் நான் பெரிய மேதாவி. (பொம்மை ரயில் என்று சொன்னால் எங்களுக்கெல்லாம் கோபம் வரும்.) "சார், என் இன்ஜின் நின்று நின்று போகிறது" என்று யாராவது எழுதினால், அடுத்த நிமிடமே, "ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டைத் துணியில் தொட்டுத் தண்டவாளத்தைத் துடையுங்கள், எண்ணெய் மட்டும் கிட்டவே வரக்கூடாது" என்று பதில் போடுவேன். "வட்டத்தின் அந்தக் கோடியில் வேகம் குறைகிறது" என்றால், "ஒரே இடத்தில் மின்சாரம் கொடுக்காதீர்கள், எதிர்ப்பக்கமும் ஒரு ஜோடி ஒயர் இழுத்துப் பற்றவையுங்கள்" என்பேன். இவ்வளவும் எப்படித் தெரியும் என்று ஆச்சரியப்படுகிறார்கள். படித்துத் தெரிந்துகொண்டதாக நினைக்கிறார்கள், பாவம். எல்லாமே ஒரு டிசம்பர் மாதம், என் மாமனார் வீட்டுக் கூடத்தில், ஒரு பங்குச்சாமியார் முன்னிலையில் மானத்தைக் கொடுத்து வாங்கிய ஞானம்.

எனக்கு ஊர் தவளக்குப்பம் பக்கம். விவசாயக் குடும்பம், பெயர் கலியமூர்த்தி. வேலை ஒரு தொழிற்சாலையில் மின்பராமரிப்பு. (இதை நினைவில் வைத்துக்கொண்டு பின்னால் சிரியுங்கள்.) முதலியார்பேட்டை ஜோசபினைக் காதலித்தேன். இரண்டு வீட்டிலும் முறுக்கிக்கொண்டார்கள், அப்புறம் எல்லாரும் களைத்துப்போய்ச் சம்மதித்தார்கள், கல்யாணமும் நடந்தது. அதற்குப் பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸ் அது.

மாமனார் அந்துவான், அரசு அலுவலகத்தில் கட்டட வரைபடம் போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஸ்கேல் இல்லாமல் கேக்கைக்கூட வெட்ட மாட்டார். வருடா வருடம் அவர் கட்டும் கிறிஸ்துமஸ் குடில் அந்தக் கோயில் பங்கிலேயே பிரசித்தம். அவர் அதைப் பிரெஞ்சில் 'கிரெஷ்' என்பார். பங்கில் நடக்கும் குடில் போட்டியில் முதல் பரிசை வேறு யாரும் வாங்கிப் பார்த்ததில்லை. அந்த வருடம் அவருக்கு முழங்கால் வலி. மகன், அதாவது என் மச்சான், பிரான்சில். ஆகவே என்னைக் கூப்பிட்டு வரைபடத்தைக் கையில் கொடுத்தார்.

"மாப்ள, கீழ உக்காந்தா எழுந்திருக்க முடியல. இந்த வருஷம் கிரெஷ் நீங்க கட்டுங்க."

கல்யாணத்துக்கு முன் என் முகத்தையே பார்க்க மறுத்தவர், தம் பெயரைத் தூக்கி என் கையில் கொடுக்கிறார். பேசாமல் வரைபடத்தில் இருந்தபடி கட்டியிருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு ஆசை. 'வேறு வழியில்லாமல் வந்த மாப்பிள்ளை' என்பது போய், 'என் மாப்பிள்ளை' என்று அவர் நாலு பேரிடம் சொல்ல வேண்டும். அந்த ஆசைதான் வாயைத் திறந்தது.

"மாமா, கொழந்தையப் பாக்க வர்ற மூணு ராஜாவையும் ரயில்ல கூட்டினு வந்தா எப்படி இருக்கும்?"

மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பெத்லகேமுக்கு ஏது மாப்ள ரயிலு?"

"ஒரு புதுமைக்கு மாமா."

"நல்லா ஓடுமா?"

"நானாச்சு மாமா."

(இந்த 'நானாச்சு' என்ற சொல்லைச் சட்டம் போட்டுத் தடை செய்ய வேண்டும்.)

என்னிடம் இருந்த ரயில், டவுனில் வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியது. இரண்டு இன்ஜின், நாலு பெட்டி. பெட்டி கட்டைவிரல் உயரம். ராஜாக்களோ ஒரு சாண். ஒரு ராஜாவை உள்ளே உட்கார வைக்கப் பார்த்தேன், பெட்டியே காணாமல் போய்விட்டது. கடைசியில் மூன்று பேரையும் திறந்த சரக்குப் பெட்டிகளில் ஆளுக்கொன்றாக நிறுத்தி, இடுப்பில் ரப்பர் பேண்ட் போட்டேன். ஒட்டகத்துக்கு டிக்கெட் கிடைக்கவில்லை.

"அளவு ஒத்து வரலையே மாப்ள" என்றார் மாமா. அவருக்கு நிஜமாகவே வலித்தது.

"ராஜான்னா பெரிய ஆளுதானே மாமா" என்று சமாளித்தேன்.

அடுத்தது பனி. புதுச்சேரியில் பிறந்து வளர்ந்த எவரும் பனி கொட்டிப் பார்த்ததில்லை. ஆனால் பஞ்சு போடாத குடிலை எவரும் மதிப்பதுமில்லை. மச்சான் வேறு பிரான்சிலிருந்து வீடியோ காலில் வந்து, தான் இப்போது பனி விஷயத்தில் அதிகாரி என்கிற தோரணையில், "மூர்த்தி, பத்தாது, இன்னும் போடு, இன்னும் போடு" என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நானும் துண்டு துண்டாக இருந்த பஞ்சையெல்லாம் பசை போட்டு ஒட்டி, ஒரே விரிப்பாக்கினேன். மலையிலிருந்து இறங்கி, ஆட்டு மந்தையைக் கடந்து, மாட்டுத் தொழுவத்துத் தீவனத் தொட்டி வரைக்கும் ஒரே பனி. அதன்மேல் இடையர்கள், ஆடுகள். காகிதக்கூழ் பொம்மைகள்தாம், கனமே கிடையாது.

தண்டவாளத்தின் ஓரமாக அத்தை கேழ்வரகு விதைத்து முளைக்க வைத்திருந்தார். குடிலுக்குப் புல் வேண்டுமல்லவா? காலையும் மாலையும் ஜெபம் சொல்லிக்கொண்டே தண்ணீர் தெளிப்பார். அடியிலிருந்த பிளைவுட் அதைக் குடித்துக் குடித்து ஓரிடத்தில் உப்பிவிட்டது. ரயில் அந்த இடத்தில் ஒரு துள்ளு துள்ளிவிட்டுப் போகும்.

"அது ஸ்பீட் பிரேக்கர்" என்றேன்.

"ரயிலுக்கு எதுக்குங்க ஸ்பீட் பிரேக்கர்?" என்றாள் ஜோசபின். அவளுக்கு எப்போதுமே தவறான நேரத்தில் சரியான கேள்வி வரும்.

மேலே தொங்கிய ஜிகினாவிலிருந்து ஒரு இழை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே விழுந்து, ஒரு மத்தியானம் முழுக்க வண்டி செத்துக் கிடந்தது. நான் கன்ட்ரோலரைக் கழற்றி, ஒயரைக் கழற்றி, இன்ஜினைக் கழற்றி உட்கார்ந்திருந்தேன். அத்தை பெருக்க வந்தார், துடைப்பத்தில் ஜிகினா போயிற்று, வண்டி ஓடியது. அடுத்ததாக, வட்டத்தின் அந்தக் கோடியில் ரயில் தவழ்ந்தது. மின்பராமரிப்பில் சம்பளம் வாங்குகிற மனிதன் என்ன செய்ய வேண்டும்? எதிர்ப்பக்கம் ஒயர் இழுக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? கேட் கீச்சென்றால் எண்ணெய், சைக்கிள் முனகினால் எண்ணெய் என்று வளர்ந்த பிள்ளை நான். தண்டவாளம் பூராவும் தேங்காய் எண்ணெய் தடவினேன். இப்போது மலைமேட்டில் சக்கரம் வழுக்கி நின்ற இடத்திலேயே சுற்றியது. சரி என்று இரண்டாவது இன்ஜினையும் முன்னால் மாட்டி, கன்ட்ரோலரை முழுசாகத் திருப்பினேன். வண்டி பிய்த்துக்கொண்டு போயிற்று. ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் சொன்ன கதைதான்.

"துஸ்மா, மாப்ள, துஸ்மா" என்று பதறினார் மாமா. பிரெஞ்சில் மெதுவாக என்று அர்த்தம். எனக்கு எந்த மொழியில் சொன்னாலும் ஏறாத வயசு.

ஒரே ஒரு சிக்கல்தான் பாக்கி. ஃபேன் போட்டால் பஞ்சு பறந்தது. ஆகவே கூடத்தில் ஃபேன் போடக்கூடாது என்று சட்டம் போட்டேன். கிறிஸ்துமஸ் அன்று பிரியாணியை எல்லாரும் வேர்வை வழிய வழியச் சாப்பிட்டோம். மாமா பழைய செய்தித்தாளால் விசிறிக்கொண்டார். மாப்பிள்ளை போட்ட சட்டமாயிற்றே, ஒருவரும் மீறவில்லை.

மறுநாள் சாயங்காலம் குடில் பார்க்க நடுவர்கள் வந்தார்கள். பங்குச்சாமியாரும் இரண்டு கமிட்டிக்காரர்களும். தெருத் தெருவாக நடந்து வந்ததில் சாமியாரின் வெள்ளை அங்கி முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. மாமா சலவைச் சட்டையில், கைத்தடியோடு எழுந்து நின்றார். "இந்த வருஷம் எல்லாம் மாப்பிள்ளையோட வேலை சாமி" என்றார். அவர் வாயால் அதைக் கேட்டதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நான் கன்ட்ரோலரைத் திருப்பினேன்.

இரண்டு இன்ஜினும் கிளம்பின. ராஜாக்கள் மூவரும் ஸ்பீட் பிரேக்கரில் ஒருசேரத் துள்ளினார்கள். கமிட்டிக்காரர் ஒருவர், "அட!" என்றார். மலையைச் சுற்றி, குகைக்குள் புகுந்து, வெளியே வந்து, தொழுவத்தைத் தொட்டாற்போல் ஒரு சுற்று. மாமா முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. அந்த நேரத்தில்தான் அத்தை, சாமியாரின் நெற்றி வேர்வையைப் பார்த்துவிட்டார். வீட்டுக்கு வந்த மனிதர், அதிலும் சாமியார், வேர்த்துக்கொண்டு நிற்கலாமா? சட்டமாவது ஒன்றாவது. பழக்கதோஷத்தில் கை தானாக சுவிட்சுக்குப் போயிற்று.

"ஐயோ அத்தை, ஃபேன்!" என்றேன். ஃபேன் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

பனியின் ஒரு ஓரம் எழும்பி, தண்டவாளத்தின்மேல் சாவகாசமாகப் படுத்தது. வந்த ரயிலின் கடைசிப் பெட்டிக் கொக்கி அதைக் கவ்வியது. ஒரே விரிப்பாக ஒட்டி வைத்த மகானுபாவன் நானல்லவா? பனி முழுவதும் ரயிலுக்குப் பின்னால் கிளம்பியது. முதலில் ஆடுகள் புறப்பட்டன. அப்புறம் ஒரு இடையர், மல்லாந்தபடி. நான் கன்ட்ரோலரைப் பாய்ந்து திருப்பினேன். பதற்றத்தில், இன்னும் வேகமாகும் பக்கம். ஏற்கெனவே முழு வேகம், அதற்குமேல் அது திரும்ப மறுத்தது. பஞ்சு, தீவனத் தொட்டி வரைக்கும் போயிருந்தது என்றேன் அல்லவா? அதன் மறுமுனையில், நிம்மதியாகக் கையை விரித்துப் படுத்திருந்த குழந்தை இயேசு, தொட்டியிலிருந்து வழுக்கி இறங்கி, ஆடுகளுக்குப் பின்னால் ஒரு சுற்று வந்து, எங்கள் எல்லார் கண்முன்னாலும் குகைக்குள் போய்விட்டார். உள்ளே ஏதோ முனகல் கேட்டது. வண்டி நின்றது.

தொழுவத்தில் மரியாளும் சூசையப்பரும் மண்டியிட்டபடி காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மாமாவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. இந்து வீட்டுப் பையன், முதல் கிறிஸ்துமஸ், குழந்தை இயேசுவைக் கடத்திவிட்டான். தவளக்குப்பத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்றுதான் மனசு கணக்குப் போட்டது.

சாமியார் குனிந்து தொட்டியைப் பார்த்தார். குகையைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "கொழந்தையக் கொல்ல ஏரோது ராஜா வர்ற சேதி முன்கூட்டியே கெடைச்சிருக்கு போல. எகிப்துக்கு வண்டி ஏத்தி உட்டுட்டீங்க. ஆனா தம்பி, அப்பா அம்மாவ உட்டுட்டுப் புள்ளைய மட்டும் அனுப்பினா எப்படி?"

ஜோசபின்தான் முதலில். துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு சுவரோடு சரிந்தாள். அப்புறம் கமிட்டிக்காரர்கள். அத்தை அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார். மாமா மட்டும் சிரிக்கவில்லை.

குழந்தையை வெளியே எடுக்க வேண்டுமே! குகை வாயில் ராஜாக்கள் நுழையும் உயரம்தான், ஆனால் ஒடுக்கம், உள்ளேயோ நீளம். என் கை எட்டவில்லை, ஜோசபின் வளையலைக் கழற்றிவிட்டு முயன்றாள், எட்டவில்லை. மலைக்குப் பின்பக்கம் திறப்பு வைக்க எனக்குத் தோன்றவேயில்லை. சாமியார் தரையில் குப்புறப் படுத்து, கைப்பேசி வெளிச்சத்தில் உள்ளே பார்த்து, "ஆள் பத்திரமா கீறாரு, ராஜாங்கதான் கவுந்துட்டாங்க" என்று அறிவித்தார்.

"கத்திரிக்கோல் எடு" என்றார் மாமா.

"வேணாம் மாமா, மலைய நான் மெதுவா பிரிச்சி..."

"எடும்மா ஜோசி."

அந்த மலை, சாக்குக் காகிதத்தில் அவரே மடித்து, வண்ணமடித்து, வருடா வருடம் பரண் மேலே வைத்துக் காப்பாற்றியது. கைத்தடியைச் சாய்த்துவிட்டு, வலிக்கிற முழங்காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தார். கத்திரிக்கோலால் மலையின் முதுகைச் சதுரமாக வெட்டினார். (அந்த நிலைமையிலும் சதுரம் கோணவில்லை.) குழந்தையை எடுத்து, பஞ்சை ஊதிவிட்டு, நெற்றியில் முத்தமிட்டு அத்தையிடம் கொடுத்தார். மறுபடி கையை விட்டு, பஞ்சில் சிக்கிய இன்ஜினை எடுத்தார். அதன்மேல் ஒட்டியிருந்த பஞ்சையும் அதே மாதிரி ஊதினார். என்னிடம் நீட்டினார்.

"இந்தாங்க மாப்ள, உங்க புள்ள."

அப்போதுதான் சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, எழுந்திருக்க முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷ அழுகை என்று வெளியே சொல்லிக்கொள்கிறேன். பாதி பயம் தெளிந்த அழுகை.

பரிசு எதிர்வீட்டுக்குப் போயிற்று. ராத்திரி சாப்பாட்டின்போது மாமா தினசரித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் என்னவோ போட்டுக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். மலை, அதன் முதுகில் கீல் வைத்த கதவு, அளவுகளோடு. "அடுத்த வருஷத்துக்கு" என்றார். அதற்குமேல் எனக்கு எந்தப் பரிசும் தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் குடிலில் பனி இல்லை, ரயில் உண்டு. கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள், திருக்குடும்பம் மூவரையும் முறையாக ஏற்றி, மாமாவே கன்ட்ரோலரைத் திருப்பி எகிப்துக்கு அனுப்பி வைப்பார். "இன்னிக்கி எகிப்து வண்டி எத்தினி மணிக்கு?" என்று தெருவே வந்து கேட்கும்.

போன வருடம் எங்கள் மகள் அமலிக்கு ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் ஒரு தேர்வு. சூசையப்பர் மரியாளையும் குழந்தையையும் எகிப்துக்கு எப்படி அழைத்துச் சென்றார் என்பது கேள்வி. 'ரயிலில்' என்று எழுதிவிட்டு, சந்தேகத்துக்கு இடமில்லாமல் இரண்டு இன்ஜின் போட்டுப் படமும் வரைந்திருந்தாள். சிஸ்டர் பெற்றோரை வரச் சொன்னார். எனக்குப் போக முகமில்லை. மாமா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தாமே கிளம்பினார். நான் அவருக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

"வீட்ல இதெல்லாம் சொல்லித் தர மாட்டீங்களா?" என்றார் சிஸ்டர்.

வாழ்நாள் முழுக்க ஒரு மில்லிமீட்டர் தப்பைக்கூடப் பொறுக்காத மனிதர், விடைத்தாளை வாங்கிக் கண்ணாடி போட்டு நிதானமாகப் பார்த்தார்.

"புள்ள எழுதினது சரிதான் சிஸ்டர்" என்றார். "நான் கண்ணால பாத்தேன். என் மாப்பிள்ளதான் ஓட்டினாரு."