ஓவன் தானே கழுவிக்கொண்ட நாள்

சாமானோடு வரும் கையேட்டைப் படிக்காதவர்களால் பெரிய ஆபத்து எதுவும் வருவதில்லை. பயந்து பயந்து ஒரே ஒரு பொத்தானை மட்டும் அமுக்குவார்கள். அட்டை முதல் அட்டை வரை படித்தவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான் அந்த ரகம். எங்கள் ஓவன் கையேட்டின் அறுபத்து நான்கு பக்கங்களையும் படித்து, முக்கியமான இடங்களில் மஞ்சள் கோடு வேறு போட்டு வைத்திருந்தவள்.

அப்பா மலேசியாவில் கேமரன்மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஆபீஸ் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. துரை பங்களாவைப் புதுப்பித்தபோது அங்கிருந்த ஓவனை எங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். கழுவும் பொத்தானை அமுக்கினால் அது கதவைப் பூட்டிக்கொண்டு, ஐந்நூறு டிகிரிக்குச் சூடேறி, உள்ளே ஒட்டியிருக்கும் பிசுக்கையெல்லாம் சாம்பலாக்கிவிடும். அப்புறம் ஈரத்துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். இது அதன் நன்மை. தீமை என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது (கையேட்டில் இருந்தது. கோடுகூடப் போட்டிருந்தேன்).

அப்பா அம்மாவுக்கு ஓவன் பிடித்துப்போன காரணமே வேறு. எங்கள் மலையில் வெயிலை நம்பி எதையும் காயவைக்க முடியாது. துவைத்த சாக்ஸ் மூன்று நாளானாலும் ஈரமாகவே இருக்கும், முறுக்கு ஒரே நாளில் நமத்துப்போகும். அதனால் எதையாவது பேக் செய்து எடுத்ததும், அந்தச் சூடு வீணாகாமல் அப்பளமோ சாக்ஸோ உள்ளே போய்விடும். (இரண்டும் ஒன்றாக இல்லை. அந்த அளவுக்கு நாங்கள் மோசமில்லை.)

எனக்கு இருபத்தொன்பது வயதானபோது ஈப்போவிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அது நான்காவது தடவை. முன்னால் வந்த மூன்று குடும்பமும் ஒரே வசனத்தைத்தான் சொல்லிவிட்டுப் போயின: "போயிட்டுத் தகவல் சொல்றோம்." அந்தத் தகவல் எந்த வளைவில் கவிழ்ந்ததோ, வந்து சேரவே இல்லை. இந்த முறை வந்தவர் சரவணன், தமிழ்ப்பள்ளி ஆசிரியர். போட்டோவிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. அதை வெளியே சொல்லவில்லை. இதுவும் கைநழுவிப் போய்விடுமோ என்று பயம்.

அவர்கள் வருவதற்குச் சற்று முன்புதான் ஸ்ட்ராபெரி கேக்கை ஓவனிலிருந்து எடுத்தேன். மாவு பொங்கி வழிந்து கதவுக் கண்ணாடியெல்லாம் கரியாகி, உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியவில்லை. (இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

மழை கொட்டியது. தேயிலைக் கொழுந்து ஏற்றிய லோரி பாதையை மறித்துக்கொண்டு நின்றதால், சரவணனும் அவர் அம்மாவும் காரைக் கீழேயே விட்டுவிட்டுச் சேற்றில் நடந்து ஏறி வந்தார்கள். வாசலில் சரவணன் கழற்றிய ஷூவைச் சாய்த்தால் தண்ணீர் ஊற்றியதாம். நான் அப்போது அறைக்குள் சேலை மடிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

ஹாலில் பேச்சு ஓடவில்லை. அவர் தரையைப் பார்த்தார், நான் கேக்கைப் பார்த்தேன். அவர் அம்மா சால்வையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு, "இந்தக் குளிர்ல எப்படித்தான் இருக்கீங்களோ" என்று மூன்று முறை சொன்னார். அம்மா அவசரமாக என் பெருமைகளை எடுத்துவிட்டார். அவை சீக்கிரமே தீர்ந்துபோனதால் ஓவன் பெருமைக்கு வந்தார்.

"எங்க ஓவன் தானாவே கழுவிக்கும்ங்க."

"தானாவேயா? அது எப்படி?" என்றார் அவர் அம்மா, முதல் முறையாக ஆர்வத்தோடு.

எனக்கு வேறென்ன வேண்டும்? அடுப்படிக்கு அழைத்துப்போய், ஹாலுக்கே கேட்கும்படி, கையேட்டின் பக்க எண்களோடு விளக்கவுரையே நிகழ்த்தினேன். "இதுல முக்கியமான விஷயம் ஒண்ணுதான் ஆன்ட்டி. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உள்ள எதுவும் இல்லாம பாத்துக்கணும்" என்று சொல்லிக்கொண்டே, உள்ளே பார்க்காமல், பொத்தானை அமுக்கினேன். கதவு 'டக்' என்று பூட்டிக்கொண்டது.

"கெட்டிக்காரப் பொண்ணு" என்றார். அந்தப் பாராட்டு இருபது நிமிடம் செல்லுபடியானது.

தேநீர் குடித்து முடித்ததும் அவர் அம்மா எழுந்துவிட்டார். "பனி மூடுறதுக்குள்ள மலை எறங்கணும். போயிட்டுத் தகவல் சொல்றோம்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கேக் தட்டை எடுக்கும் சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்போது வாசலிலிருந்து சரவணனின் குரல் கேட்டது. அன்றைக்கு அவர் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

"அங்கிள், என் ஷூ எங்க?"

"ரொம்ப ஈரமா இருந்துச்சு தம்பி. காயட்டும்னு நாந்தான் ஓவன்ல..." என்று ஆரம்பித்த அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அடுப்படியைப் பார்த்தார். அங்கிருந்து டயர் எரிக்கிற நாற்றம் கிளம்பியிருந்தது.

மெயின் சுவிட்சை அணைத்தோம், ஜன்னல்களைத் திறந்தோம். அப்பா கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கதவை இழுத்துப் பார்த்து, "தொறக்கவே மாட்டேங்குது லா!" என்று கத்தினார். இருமிக்கொண்டே எல்லோரும் வெளியே ஓடினோம். கிராணி வீட்டில் தீ என்று தொழிலாளர் லயத்திலிருந்து ஆட்கள் வாளியோடு ஓடிவந்தார்கள். எரிவது பெண் பார்க்க வந்தவரின் ஷூ என்று தெரிந்ததும், வாளியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க நின்றுகொண்டார்கள்.

"பரவால்லம்மா, கெளம்பலாம்" என்றார் சரவணன்.

"புது ஷூடா. நான் வாங்கிக் கொடுத்தது. என்ன ஆச்சுன்னு பாக்காம நான் நகர மாட்டேன்" என்று அவர் அம்மா வெளியில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்பாவின் சாக்ஸைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் இருந்த சரவணனிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டார்.

"இதுக்குக் கையேட்டுல என்ன போட்டிருக்கு?"

"முப்பத்தொன்னாம் பக்கம்" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "சூடா இருக்கும்போது கதவைத் தொறக்க முயற்சி பண்ணாதீங்க. ஆறினதும் அதுவாவே தொறந்துக்கும்."

அவர் சிரித்தார். படியில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. ஓவன் ஆற ஒன்றரை மணி நேரம் ஆனது. பெண் பார்க்க வந்தவரோடு அவ்வளவு நேரம் பேசிய பெண் எங்கள் தோட்டத்திலேயே நான் ஒருத்திதான்.

கடைசியில் கதவு திறந்தது. உள்ளே தார் உருண்டை மாதிரி ஏதோ ஒன்றும், கயிறு கோக்கும் வளையங்கள் பன்னிரண்டும் கிடந்தன. அவர் அம்மா குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் கழுவுது" என்றார்.

அப்பாவின் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு சரவணன் இறங்க, நாங்களும் கீழே கார் வரை கூடவே போனோம். கார் கதவைச் சாத்துமுன் அவர் அம்மா எங்களைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பழைய வசனத்துக்காக நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"அடுத்த வாரம் பூட்ஸைத் திருப்பிக் கொடுக்க வர்றோம்" என்றார்.

கல்யாணமாகி எட்டு வருடமாகிறது. தானாகக் கழுவிக்கொள்ளும் ஓவன் வாங்கலாமா என்று யாராவது கேட்டால் தாராளமாக வாங்கச் சொல்கிறேன். எது அழுக்கு, எது ஷூ என்று அதற்குத் தெரியாது, அந்த ஒரு குறைதான். என்னிடம் குறைகள் கொஞ்சம் அதிகம். கோபம் வந்தால் அறைக்குள் போய்க் கதவைப் படாரென்று சாத்திக்கொள்வேன். மகள் தட்ட ஓடிவருவதும் சரவணன் அவளைத் தடுப்பதும் உள்ளே கேட்கும்.

"வேணாம்மா. முப்பத்தொன்னாம் பக்கம்."

உடனே ஹாலிலிருந்து என் மாமியாரின் குரல் வரும்: "உள்ள யாரு ஷூவாவது இருக்கா பாத்தியாடா?"