கன்னிக்கும் துலாமுக்கும் நடுவில் பிறந்தவள்

வாராவாரம் ஊருக்கே பலன் சொல்லும் அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ நலம் என்பதை உன் ராசிக்குப் பார்த்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். எங்கள் மூக்குக் கண்ணாடிக் கடையின் புதுக் கிளைக்கு என்னைப் பொறுப்பாளராகப் போகச் சொல்கிறார் முதலாளி; வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். பிறந்த தேதிப்படி உன் பத்திரிகையில் நான் கன்னி: 'வரும் வாய்ப்பை விடாதே'. கடையில் வாடிக்கையாளர்களுக்காகப் போட்டிருக்கும் பத்திரிகையிலோ அதே தேதிக்குத் துலாம்: 'வாயைத் திறக்காதே'. எதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டதில், கண் பரிசோதனைக்கு வந்த பெரியவர் நான் போதும் என்று சொல்லாததால் எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை வாசித்துவிட்டு மறுபடி மேலிருந்து ஆரம்பித்தார். மாலையில் உனக்குப் போன் செய்தால் நீ என்ன சொன்னாய்?

"அக்கா, சூரியன் ராசி மாற விடியுற வரைக்குமா காத்திருக்கும்? நடுப்பகல்லயும் மாறும். வருஷத்துக்கு வருஷம் சில மணி நேரம் முன்னபின்ன ஆகும், ஊருக்கு ஊர் கடிகாரமும் வேற. நாங்க ஏதோ ஒரு தேதியில கோடு போடுறோம்."

"எந்த வருஷத்துக் கணக்குடி அது?"

"எனக்கு முன்னாடி எழுதினவர் போட்டுட்டுப் போனதுக்கா!"

சரி, பிறந்த நேரம் தெரிந்தால் தீர்ந்தது என்று அம்மாவைக் கேட்டேன். "மணி பார்க்கிற நிலைமையிலயா இருந்தேன்? நீ கத்தின, அவ்வளவுதான் தெரியும்." அப்பா குறுக்கே வந்து, "முகத்துல ஷேவிங் நுரையோட ஓடினேன், காலையிலதான்" என்றார். "அது சின்னவ பொறந்தப்போ!" என்றார் அம்மா. இருவரும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை.

உன் அத்தானிடம் யோசனை கேட்க முடியுமா? 'பயணம் ஆகாது' என்று நீ எழுதிய வாரம் மொட்டை மாடிக்குக்கூட ஏறாத மனிதர். வீட்டைவிட்டு அவ்வளவு தூரம் நான் வேலைக்குப் போவதென்றால், உன் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். நான் யாரென்றே தெரியாமல் இந்த வயதில் நிற்கிறேன். நீதான் வழி சொல்ல வேண்டும்.

உன் பேனா வற்றாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு ராசியில் ஒரு காலும் மறு ராசியில் மறு காலுமாக,
அக்கா

பி.கு.: முதலாளியிடம் சரி என்று திங்கட்கிழமையே சொல்லிவிட்டேன். என் ராசியை விடு. இந்த வாரம் ரிஷபத்துக்கு மட்டும் 'மனைவியின் முடிவுக்குத் தலையாட்டினால் நன்மை' என்று எழுதிவிடு. உன் அத்தான் பிறந்தது ரிஷபத்தின் நட்டநடுவில். எந்தப் பத்திரிகையின் கணக்குப்படியும் அவர் ரிஷபம்தான்; தப்பிக்க முடியாது.