பள்ளிகொண்டா பஸ்ஸில் சமாதானம் அக்கா

ஆம்பூர் வட்டாரத்தில் சமாதானத்தின் பேரைச் சொல்லி இவ்வளவு சண்டை மூட்டிய ஆள் இன்னொருத்தர் பிறக்கவில்லை. எங்கள் ஷூ கம்பெனியில் ஒடிசாப் பெண்களுக்கும் எங்களுக்கும் நடுவில் இந்தி பேசுவதற்கென்று வைத்திருந்த மொழிபெயர்ப்பாளர். சொந்தப் பேர் யாருக்கும் நினைவில்லை. சமாதானம் அக்கா, அவ்வளவுதான்.

உலகத்தில் எங்கே குண்டு விழுந்தாலும் மறுநாள் கம்பெனி பஸ்ஸில் அக்கா எழுந்து நின்றுவிடுவார். போர் வேண்டாமென்று யாரோ இந்தியில் எழுதியதைத் தமிழாக்கி, கேட் வரும்வரை வாசிப்பார். நாடுகளையெல்லாம் கை குலுக்கச் சொன்னவருக்குச் சொந்தத் தெருவில் பேச்சுவார்த்தை உள்ள வீடு ஒன்றுகூடக் கிடையாது. நியாயம் பேசியே எல்லாரையும் தீர்த்துவிட்டார்.

இவர் கையில்தான் எங்கள் பிழைப்பு மாட்டியது. ஒடிசாப் பெண்களின் ஹாஸ்டல் பள்ளிகொண்டாவில். முதலில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். வழியில் ஏறும் எங்களுக்குக் கம்பியைப் பிடித்து நிற்பதுதான். ஒருநாள் அது குடுமிப்பிடியாகிவிட்டது.

"பேஜார் பண்ணாதீங்க. இன்னிக்கே பேசி முடிங்க, இல்லன்னா பஸ்ஸே கெடையாது" என்றார் மேனேஜர். அவர் காரில் வருகிறவர். எங்களுக்கு அந்த நேரத்தில் வேறு வண்டி இல்லை. பஸ் நின்றால் வேலையும் நின்றது.

கேன்டீனில் பஞ்சாயத்து. பக்கத்து மெஷின் சரோஜா ஆரம்பித்தாள்: "பஞ்சம் பொழைக்க வந்ததுங்களுக்கு ஜன்னல் சீட்டு கேக்குதா?"

அக்கா கொஞ்சம் சர்க்கரை தூவிச் சொல்வார் என்று நினைத்தோம். அவரோ சரோஜா மாதிரியே இடுப்பில் கை வைத்து, கழுத்தை வெட்டி, அப்படியே இந்தியில் இறக்கினார். எதிரே எல்லா முகமும் சிவந்தது.

"இன்னாக்கா, அத்தயுமா சொல்லுவ?" என்று பதறினாள் சரோஜா.

"நீ சொன்னத நான் எங்க கொண்டுபோய் ஒளிக்கறது? சமாதானம்னா முழுசாத்தான் கேக்கணும்."

ஜுனு என்ற பெண் எழுந்து பொரிந்தாள். அக்கா இப்போது ஜுனுவாக மாறி, சரோஜாவுக்கு நேரே விரலை நீட்டினார்: "உன்ன மாதிரி ஒரு மாமியாருக்கு பயந்துதான் ஊர விட்டே வந்தேன். இங்கயும் நீயா?"

முதலில் சிரித்தது சரோஜாதான். "என்னுதும் அப்டித்தான்னு சொல்லுக்கா."

அப்புறம் மாமியார் கதைதான் ஓடியது. நடுவில், பாதி சீட்டு அவர்களுக்கு, பாதி எங்களுக்கு, மிச்சப் பேர் முறை வைத்து நிற்பது என்று முடிவானது.

"இன்னொண்ணு" என்றாள் சரோஜா. "பஸ்ல அக்கா வாயத் தொறக்கக் கூடாது."

அக்கா அதையும் ஒரு எழுத்து விடாமல் மொழிபெயர்த்தார். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியது. அந்தப் பக்கம் அத்தனை கையும் உயர்ந்தது.

சாயங்காலம் பஸ் கிளம்பியது. அக்கா ஜன்னலைப் பார்த்தபடி, வாயைத் திறக்காமல் வந்தார். வழியில் இருக்கும் மாதனூர்கூட வரவில்லை, சரோஜா தமிழிலும் ஜுனு இந்தியிலும் ஒரே நேரத்தில் கேட்டுவிட்டார்கள்:

"இன்னாக்கா, ஒடம்பு சரியில்லையா?"