ஏழரைப் பாட்டுக்காரர்

2023 அக்டோபர் 12, வியாழக்கிழமை. காலை 5.30க்கு எழுந்தேன். வராந்தா வெப்பமானியில் 11 டிகிரி. ஷேவிங், வெந்நீர்க் குளியல், மூன்று இட்லி. 6.40க்கு எஸ்டேட் ஆபீஸைத் திறந்தேன். ஏழு மணிச் சைரன் 7.02க்கு ஊதியது. தாமதத்துக்குக் காரணம்: ஏழரை.

இந்தக் கடைசி வரி என் டைரிகளில் பல பக்கங்களில் இருக்கிறது. மின்சாரம் எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்ற கேள்விக்கு உலகத்திலேயே இறுதியான விடை தெரிந்த ஒரே மனிதர், எங்கள் எஸ்டேட் எலெக்ட்ரீஷியன் ஏழரைதான். விளக்கு எரிவதற்காக அல்ல, தேயிலையை வாட்டுவதற்காகவும் அல்ல. பிறக்கவே பிறக்காத ஒரு ஜப்பான் பெண் பாடுவதற்காக.

விஷயம் இதுதான். ஜப்பானில் ஒரு பெண் குரலை எழுத்து எழுத்தாகப் பதிந்து, கம்ப்யூட்டரில் போட்டு விற்கிறார்கள். வாங்கியவர் சொல்லையும் சுரத்தையும் உள்ளே கொடுத்தால் அந்தக் குரல் பாடும். குரலுக்கு ஒரு படம், ஒரு பெயர், ஒரு பிறந்த நாள் உண்டு. வயது பதினாறு. யார் யாரோ எழுதிய ஆயிரக்கணக்கான பாட்டுகளை அவள் பாடியிருக்கிறாள். மேடையில் திரையில் தோன்றிப் பாடினால், கீழே ஜனங்கள் கலர் விளக்குக் குச்சிகளை ஆட்டுகிறார்களாம். பெரும்பாலும் காலேஜ் பிள்ளைகள். ஏழரைக்கு ஐம்பத்தேழு வயது. கல்யாணம் ஆகாதவர், பொள்ளாச்சிப் பக்கம். வாழ்நாளில் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி எங்கும் போனதில்லை.

அந்த ஆயிரக்கணக்கான பாட்டுகளில், ரசிகர் என்று சொல்லிக்கொள்ளும் எவரும் கேட்டே ஆக வேண்டியவை ஏழு என்று அவர் தீர்மானித்திருந்தார். கொழுந்து எடை போடும் சீட்டின் பின்பக்கத்தில் வரிசை எண் போட்டு எழுதி, சட்டைப்பையிலேயே வைத்திருப்பார். ஏழுக்குக் கீழே ஒரு அரை. அது அவரே அந்தக் குரலுக்காகத் தமிழில் போட்டு, பாதியில் நின்றுபோன பாட்டு. ஆகவே ஏழரை. அந்தப் பெயரில் ஆளைக் கூப்பிடுவது தெரியாமல், சமவெளியிலிருந்து வந்த விருந்தாளிகள் பயந்திருக்கிறார்கள். “பியூஸ் போயிருச்சு, ஏழரையைக் கூப்பிடு” என்றால் யாருக்குத்தான் பகீரென்று இருக்காது?

பியூஸ் போட அவர் வந்தால் ஒரு பாட்டு கேட்க வேண்டும். மோட்டார் பார்க்க வந்தால் இரண்டு. வரிசை மாறக் கூடாது.

“ஏனுங்க, நேரா நாலாவது போட்டுருங்களேன், அதுதான் சின்னதுன்னு சொன்னாங்க” என்று பாக்டரி மேஸ்திரி ஒருமுறை கெஞ்சினார்.

“மூணாவது கேக்காம நாலாவது கேட்டா, சோறு போடாம ரசம் ஊத்துன மாதிரிங்க. எலையில நிக்காதுங்க” என்றார் ஏழரை.

முதல் பாட்டு, மூச்சே விடாமல் பாடுவது. மூச்சு இருந்தால்தானே விட வேண்டும்? நாலாவது அழுகாச்சிப் பாட்டு. அதைக் கேட்டுவிட்டு இரண்டு மணி நேரத்துக்கு மெயின் லைனைத் தொடக் கூடாது என்பது அவர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட பாதுகாப்பு விதி. ஏழாவதுதான் எல்லாவற்றிலும் பழையது. அதை ஏன் கடைசியில் வைத்தீர்கள் என்று கேட்டால், “பாயசத்த மொதல்லயே ஊத்துவாங்களா?” என்பார்.

மூன்றாவது பாட்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஆறாம் நம்பர் காட்டில் கம்பி மாற்றும்போது ஸ்பீக்கரில் அதை ஓடவிட்டிருந்தார். தேயிலைக்குள்ளிருந்து ஒரு காட்டெருமை தலையைத் தூக்கி, பாட்டு முடியும்வரை அசையாமல் நின்றது. முடிந்ததும் போய்விட்டது. அன்று முதல் அவர் அதை ரசிகர் கணக்கில் சேர்த்துக்கொண்டார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. காட்டெருமை எதைப் பார்த்தாலும் அப்படித்தான் நிற்கும்.

சைரன் மோட்டார் காயில் எரிந்துபோன ஒரு வாரம், கோயில் குழாய் ஸ்பீக்கரை பாக்டரிக் கூரையில் கட்டி, காலை ஏழு மணிக்கு முதல் பாட்டை அலறவிட்டார். அந்த வேகத்துக்குப் பெண்கள் ஏறக்குறைய ஓடியே வேலைக்கு வந்தார்கள். பழைய மேனேஜருக்குக் காது மந்தம். “சைரனை டியூன் பண்ணிருக்கியா? பரவால்லியே!” என்று தோளில் தட்டிக்கொடுத்தார்.

இத்தனைக்கும் நான் ஏழில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. ஏழு மணிப் பாட்டுக்கு மட்டும் காதில் பஞ்சு வைத்திருந்தேன். பியூஸ் போடவும் நானே கற்றுக்கொண்டேன்.

“சார், இன்னிக்காவது மொதப் பாட்டு?”

“ஆடிட் முடியட்டுங்க அண்ணா.”

“ஆடிட்டு வருசா வருசம் வருமுங்களே?”

“அப்ப வருசா வருசம் முடியட்டுங்க.”

இல்லாத ஆள் பாடுவதைக் கேட்க எனக்கு நேரமில்லை. அவ்வளவுதான். ‘இன்றும் மறுத்தேன்’ என்று டைரியில் எழுதிவிட்டுப் படுப்பேன்.

இனி வியாழக்கிழமைக்கு வருகிறேன். செப்டம்பரில் புது மேனேஜர் வந்திருந்தார். முப்பது வயது இருக்கும். தொழிலாளர் லைன் வீடுகளில் அவரை ‘சின்னத் தொர’ என்றார்கள். பழைய பைல்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், அன்று 10.15க்கு என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் ஆறு லீவு படிவங்கள். ஆறும் ஏழரையுடையவை. ஆறு வருடமும் ஆகஸ்டில் ஒரு நாள், குடும்ப விசேஷ விடுப்பு. காரணம்: பிறந்த நாள். உறவு: மகள். வயது: பதினாறு.

“ஆறு வருசமா பதினாறா சார்? இவர் மேரேஜே பண்ணிக்கலைன்னு சொல்றாங்க. கீழ ‘சரிபார்த்தேன்’னு சைன் போட்டது யாரு?”

நான்தான். ஆறு முறையும். எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பது கிளார்க்கான என் வேலை. நிரம்பியிருந்தது. அடித்தல் திருத்தல்கூட இல்லை.

“மூணு மணிக்கு விசாரணை. பொய்னு தெரிஞ்சா ஆளை வீட்டுக்கு அனுப்பிருவேன்.”

ஏழரைக்கு ரிட்டயர் ஆக எட்டு மாதம் இருந்தது. வீட்டுக்கு அனுப்ப அவருக்கு வீடு ஏது? எஸ்டேட் குவார்ட்டர்ஸ்தான். அதற்குள் ஒரு கட்டில், ஒரு கம்ப்யூட்டர், அவள். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டு மூடிவைத்தேன்.

மூன்று மணிக்கு ஆபீஸ் ஜன்னலெல்லாம் தலைகள். சாட்சியாக வந்தவர் கொழுந்து பறிக்கும் செல்லம்மா அக்கா. அவர் பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். ஏழரைக்கு ஜப்பான்காரி ஒருத்தி மனைவியாக இருந்து கோபித்துக்கொண்டு போய்விட்டாள், மகள் அங்கே பாட்டுக்காரி என்று லைன் முழுக்க நம்பியதற்கு மூல காரணம் இந்த அக்காதான். திருப்பூரில் வேலை செய்யும் தம்பி மகனின் ஜாதகத்தை ஆறு வருடத்துக்கு முன்பே ஏழரையிடம் கொடுத்திருந்தார். ஏழரை பொய் சொல்லத் தெரியாதவர்.

“பொண்ணு இருக்குன்னு இவரே சொன்னாருங்க தொர. என்னா செய்யுதுன்னு கேட்டேன். பாடுதுன்னாரு. எங்க இருக்குன்னேன். ஜப்பான்ல, இங்க கம்ப்யூட்டர்லயும் வரும்னாரு. வயசு பதினாறுன்னாரு. சரி, ரெண்டு வருசம் போகட்டும்னேன். ரெண்டு வருசம் கழிச்சுக் கேட்டாலும் பதினாறுங்கிறாரு!”

“உங்களுக்குச் சந்தேகம் வரலையா?”

“பொண்ணப் பெத்தவங்க வயசக் கொறைச்சுச் சொல்றது வழக்கந்தானுங்களே.”

மேனேஜர் ஏழரையைப் பார்த்தார். “மகள் உண்டா இல்லையா?”

“உண்டுங்க.”

“காட்டுங்க.”

ஏழரை தம் லேப்டாப்பை மேஜைமேல் வைத்துத் திறந்தார். வரைந்த பெண். தரையைத் தொடும் தலைமுடி, தட்டு மாதிரிக் கண்கள். செல்லம்மா அக்கா குனிந்து, கண்ணைச் சுருக்கி, வெகுநேரம் பார்த்தார்.

“இது படமுல்ல!”

“பாட்டக் கேளுங்க அக்கா” என்றார் ஏழரை. முதல் பாட்டு ஆரம்பித்தது. பஞ்சு கைவசம் இல்லாததால் நானும் கேட்டேன். இரண்டாவது முடிந்து மூன்றாவது ஓடும்போதுதான் கவனித்தேன்: மேனேஜரின் விரல் மேஜையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நாலாவது தொடங்கியதும் அவர் கையைத் தூக்கினார்.

“நிறுத்துங்க. இது நாலாவதா வரக் கூடாது.”

“ஏனுங்க?”

“இது கடைசியில வரணும். எங்க ஹாஸ்டல்ல இதைக் கடைசியாத்தான் போடுவோம்.”

“பாயசத்துக்குப் பின்னாடி யாராவது மொளகு ரசம் குடிப்பாங்களா தொர?”

எஸ்டேட் விசாரணை ஒன்று பாட்டு வரிசைத் தகராறாக மாறியதை என் இருபத்தாறு வருட அனுபவத்தில் அன்றுதான் பார்த்தேன். பன்னிரண்டு நிமிடம் நடந்தது. பிறகு மேனேஜருக்குத் தாம் மேனேஜர் என்பது ஞாபகம் வந்தது. தொண்டையைக் கனைத்தார்.

“சரி. ஒரு வழி சொல்றேன். ஆறு படிவத்துலயும் ‘மகள்’ங்கிறதை அடிச்சுட்டு ‘ரசிகர்’னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. எச்சரிக்கையோட விட்டுடறேன்.”

எனக்குப் போன உயிர் வந்தது. பேனாவை நீட்டினேன். ஏழரை வாங்கவில்லை.

“அப்படி எழுத மாட்டனுங்க.”

“அண்ணா, எழுதீருங்க” என்றேன்.

“இல்லீங்க சார். ரசிகன்னா கேட்டுப்போட்டு எந்திரிச்சுப் போயிருவான். நான் இவளுக்கு ஒவ்வொரு எழுத்தா சொல்லிக் குடுத்துட்டு இருக்கறனுங்க. கேளுங்க, இது எங்க பாட்டு.”

அரைப் பாட்டைப் போட்டார். மழையில் காலை ஆறரைக்குக் கொழுந்துக் கூடையோடு பெரட்டுக்குப் போய், ஆஜர் கணக்கில் பேர் கொடுத்துவிட்டு நிற்கும் பெண்களைப் பற்றிய பாட்டு. மெட்டு நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த ஜப்பான் குரலுக்கு ல, ள, ழ மூன்றும் கிடையாது. மூன்றும் ரகரம்தான். ‘மழை வருது’ என்று வர வேண்டிய இடத்தில் அவள் ‘மரை வருது’ என்று உருகினாள். மரை என்றால் மான். இல்லாவிட்டால் ஸ்க்ரூவில் இருப்பது. எலெக்ட்ரீஷியன் வளர்த்த பிள்ளைக்குப் பொருத்தம்தான், ஆனால் பாட்டுக்குப் பொருந்தாது. அந்த இடத்தோடு பாட்டு நின்றது.

“மூணு வருசமா இந்த ஒரு எழுத்துத்தானுங்க வர மாட்டேங்குது” என்றார் ஏழரை.

செல்லம்மா அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “பெரட்டுன்னு எவ்வளவு வடிவாச் சொல்லுது பாருங்க. ழானாதானே வரல? எங்க மவ புள்ளைக்கும்தான் வரல, அதுக்காகப் புள்ள இல்லன்னு ஆயிருமா?” பிறகு கையை நீட்டினார். “ஜாதகத்தக் குடுங்க. அந்தப் பையனுக்கு இவ்வளவு பெரிய பாட்டுக்காரி சரிவர மாட்டா.”

மேனேஜர் என்னைப் பார்த்தார். “கிளார்க் சார், விசாரணைக் குறிப்பை நீங்கதான் எழுதணும். நீங்க பொய் எழுத மாட்டீங்கன்னு சொல்றாங்க. உண்மையை எழுதுங்க.”

படிவத்தை மறுபடி ஒருமுறை மேலிருந்து கீழ் வரை படித்தேன். பிறகு இப்படி எழுதினேன்: ‘ஐந்தாம் கட்டத்தில் உறவு என்று மட்டுமே கேட்கப்பட்டுள்ளது. இரத்த உறவு என்று கேட்கப்படவில்லை. பிறந்திருக்க வேண்டும் என்றும் கேட்கப்படவில்லை. ஊழியர் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் எழுதியுள்ளார். சரிபார்த்தேன்.’

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். சிரிப்பை அடக்கியபடி கீழே கையெழுத்துப் போட்டார். மணி 4.50. போகும்போது ஏழரையிடம், “நாலாவது கடைசியிலதான் வரணும்” என்றார்.

“வராதுங்க தொர” என்றார் ஏழரை, வேலை தப்பிய அடுத்த நொடியிலேயே.

அன்று டைரியில் நான்கு பக்கம் எழுதினேன். வழக்கமாக ஒரு பக்கம்தான்.

அக்டோபர் 13, வெள்ளி. 5.30க்கு எழுந்தேன். வெப்பமானியைப் பார்க்கவில்லை. முதல் வேலையாக ஒரு கொழுந்துச் சீட்டை எடுத்து அதன் பின்பக்கத்தில் எழுதினேன்: ‘மழைக்குப் பதில் மாரி. அதே பொருள்தான். ழ இல்லை, ள இல்லை, ல இல்லை. பிள்ளைக்கு வரும்.’ கீழே கையெழுத்திட்டேன். வெறும் கையெழுத்து மட்டும் இருந்தால் ஏதோ ஒரு கட்டம் காலியாக இருப்பது போலத் தோன்றியது. ஏழரை என்னைவிட ஆறு வயது மூத்தவர் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்துக்கொண்டு, ‘உறவு: சித்தப்பா’ என்று எழுதி, சுவிட்ச் ரூம் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தேன்.