கால்குலஸுக்குப் போன பத்லி

நான் நாலாம் வகுப்பு வரை படித்தவன். கல்லூரியில் கால்குலஸ் வகுப்பிலும் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் எதுவும் படிக்கவில்லை.

இதை வெளியில் சொல்ல எனக்கு ஆசை கிடையாது. ஆனால் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஒருவர் கதையில் நான் தேம்பி அழுதேன். இன்னொருவர் கதையில் போலீஸ் வந்தது. இரண்டும் நடக்கவில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளில் தாராவியில் எனக்கு ஒரு கரிக்கடை இருந்தது. அப்போது பம்பாயில் பாதி வீட்டில் கரியடுப்புதான். பக்கத்துச் சந்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர் பொன்னையா. திருநெல்வேலிப் பக்கம், எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். அவர் மகள் செல்லக்கனியை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். ஆவணியில் கல்யாணம். அவள் எப்போதாவது கரி வாங்க வருவாள். தரமான கரியாகப் பொறுக்கிப் போடுவேன். (எங்கள் காதல் அவ்வளவுதான்.)

செல்லக்கனிக்கு ஒரு தம்பி, ராஜதுரை. மெட்ரிக் பாஸ் பண்ணிவிட்டு மாதுங்காவில் ஒரு கல்லூரியில் முதல் வருஷ சயன்ஸில் சேர்ந்திருந்தான். எங்கள் சந்தில் முதல் கல்லூரிப் பையன். பொன்னையா மாமா சந்து முழுக்கக் கற்கண்டு கொடுத்தார். கல்லூரி திறக்கிற நேரம் பார்த்துப் பையனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண் இரண்டும் எலுமிச்சம்பழம் மாதிரி ஆகிவிட்டது.

மாமா மழையில் நனைந்துகொண்டு என் கடைக்கு வந்தார்.

"மாப்ளே, ஒரு ஒத்தாசை."

"சொல்லுங்க மாமா."

"மொத நாள்லேருந்து வகுப்புல ஆளு இருக்கணுமாம். இல்லைன்னா பரீட்சைக்கு விட மாட்டானாம். பீஸ் கட்டுத அன்னைக்கே ஆபீஸ்ல சொல்லிட்டான்."

"சரி."

"பயலால எந்திரிக்க முடியல."

"சரி."

"நீங்க போய் உக்காந்துட்டு வரணும்."

பம்பாய் மில்லில் ஒரு ஆள் படுத்துவிட்டால் அவன் இடத்தில் இன்னொருவன் போய் நிற்பான். அவனுக்குப் பத்லி என்று பெயர். தறி ஓட வேண்டும், யார் ஓட்டினால் என்ன? எங்கள் சந்தில் பாதிப் பேர் பத்லியாகப் போய்த்தான் மில்லில் நுழைந்தார்கள். கல்லூரிக்கும் மில்லுக்கும் வித்தியாசம் இருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. இரண்டிலும் மணி அடிக்கிறார்கள்.

"ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டா என்ன மாமா?"

"கேட்டா இல்லைம்பான். கேக்காம இருந்தா எப்படி இல்லைன்னு சொல்லுவான்?"

பதில் சரியாக இருந்த மாதிரிதான் தெரிந்தது. மேலும், பெண் கொடுக்கப்போகிறவர் கேட்கிறார்.

"ஒண்ணே ஒண்ணு மாப்ளே. மீசை."

எடுத்தேன். எங்கள் பக்கத்தில் மீசையை எடுத்தால் வீட்டில் சாவு என்று அர்த்தம். மறுநாள் காலையில் கரி வாங்க வந்தவர்கள் எல்லாம் துக்கம் கேட்டார்கள். "யாரு தவறிட்டாக?" என்று ஒரு கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். யாரும் இல்லை என்றேன். மனசைத் தேற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு ஒரு கூடை கரி கூடுதலாக வாங்கிப்போனார்.

வகுப்பு பதினொரு மணிக்கு. காலை வியாபாரம் முடிந்ததும் கடையைப் பூட்டிவிட்டு நடந்தே போனேன். ராஜதுரையின் சட்டை. கக்கத்தில் பிடித்தது. கையை எவ்வளவு தேய்த்தும் நகத்தில் கரி போகவில்லை.

புரொபசர் பாலக்காட்டுக்காரர், மாதுங்காவில் வீடு. ஒல்லியான ஆள், தொண்டை மட்டும் பெரியது. முதல் நாள் அவர் பாடமே எடுக்கவில்லை. தன் வகுப்பின் விதிகளை இங்கிலீஷில் வாசித்தார். மணி அடிக்கிற வரை வாசித்தார். வெளியே மழை பெய்தது. பேர் கூப்பிடுவது கிடையாது, நம்பர்தான். நம்பரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்க வேண்டும். ஆளுக்கொரு இடம், வருஷம் முழுக்க அதே இடம். இது மட்டும் பார்த்தே தெரிந்தது. மற்றதைப் பக்கத்துப் பையனிடம் கேட்டேன். விச்சு என்று பேர். மாதுங்காப் பையன், தமிழ் பேசினான்.

"என்ன சொன்னாரு?"

"லேட்டா வரப்படாது. பேசப்படாது. புரியலேன்னா ஒடனே கையைத் தூக்கணும். ஒரு கை மேலே இருந்தாலும் அவர் அடுத்த வரிக்குப் போக மாட்டாராம். அதான் அவர் பெருமை."

"இவ்வளவு நேரம் இதையா சொன்னாரு?"

"இன்னும் நெறைய. நோக்கு வேண்டியது இதான்."

மாமா கிளம்பும்போது ஒன்று சொல்லியிருந்தார். "அவுக என்ன சொன்னாலும் அப்படியே கேட்டுக்கிடுங்க. பய பேரு கெட்டுரக் கூடாது." எனக்கும் அதுதான் வழக்கம். முதலாளி சொன்னால் கேட்க வேண்டும்.

மறுநாள் பாடம் ஆரம்பித்தது. புரொபசர் பலகையில் ஒரு வரி எழுதினார். புரியவில்லை. கையைத் தூக்கினேன்.

அவருக்கு முகம் மலர்ந்தது. இத்தனை வருஷமாக விதியை வாசிக்கிறார், ஒருவனும் கை தூக்கியதில்லையாம். (விச்சு பிறகு சொன்னான்.) இன்னொரு தரம் விளக்கினார். என் கை மேலேயே இருந்தது. வேறு மாதிரி விளக்கினார். படம் போட்டார். கை மேலே இருந்தது. மணி அடித்தது. எனக்குத் தோள் வலித்தது. கரி மூட்டை தூக்கிய தோள் என்பதால் தாங்கியது.

அடுத்த நாளும் அதே வரி. அதே கை.

மூன்றாம் நாள் தமிழுக்கு வந்தார்.

"எங்கேடா புரியலை?"

"மொதல்லேருந்து சார்."

"இதோ பாரு. எக்ஸ் ஜீரோகிட்டக்கப் போறது. கிட்டக்கப் போறது. இன்னும் கிட்டக்கப் போறது. ஆனா தொடாது. புரியறதா?"

"தொடாதுன்னா எதுக்கு சார் போகுது?"

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். அன்று அதற்குமேல் பாடம் நடக்கவில்லை.

அஸ்திவாரம் சரியில்லை என்று அவர் முடிவு கட்டிவிட்டார். என்னுடையது மட்டும் இல்லை, வகுப்பு முழுவதற்கும். கால்குலஸிலிருந்து பின்னால் நடக்க ஆரம்பித்தார். அல்ஜீப்ராவுக்குப் போனார். கை. நேர்கோட்டுக்குப் போனார். கை. பின்னத்துக்குப் போனார். கை. ஆனி போய் ஆடி வந்தபோது பம்பாயின் நல்ல கல்லூரி ஒன்றில், சயன்ஸ் படிக்க வந்த நூறு பையன்களுக்கு முன்னால், ஒரு எம்.ஏ. படித்த மனிதர் ஆப்பிள் பழத்தை நாலாக வெட்டிக்கொண்டிருந்தார்.

பின்னம் எனக்குத் தெரியும். கால் கிலோ, அரைக் கிலோ போடுகிறவன்தானே. ஆனால் இங்கிலீஷில் வெட்டினார். (ஆப்பிளைப் பார்த்து ஊகித்திருக்கலாம். ஊகித்துக் கையை இறக்கினால், பிறகு கேள்வி கேட்டு மாட்டிவிடுவார் என்று பயம்.)

விச்சு கெஞ்சினான். "டேய், கையை எறக்குடா. எல்லாரும் பெயிலாயிடுவோம்."

"புரியலையே."

"எங்களுக்கும்தான் புரியலை. நாங்க தூக்கறோமா?"

எனக்கு அது தப்பாகப் பட்டது. விதி என்றால் விதிதானே.

கடைசியில் புரொபசர் என்னை நிறுத்திச் சொன்னார். "நாளைக்கு உன் தோப்பனாரை அழைச்சுண்டு வா. இல்லேன்னா வராதே."

அன்று சாயங்காலம் மாமா கடையில் ஒத்திகை நடந்தது. மாமா எனக்கு அப்பாவாக நடிக்க வேண்டும். நடிப்பதில் ஒரு சிக்கல். எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கிறவர் மாப்பிள்ளையை 'வாங்க, போங்க' என்றுதான் பேச வேண்டும். அப்பாவோ மகனை 'ஏலே' என்றுதான் கூப்பிடுவார்.

"சும்மா சொல்லுங்க மாமா."

மாமா தொண்டையைச் செருமினார். "ஏ... ஏ... ஏங்க மாப்ளே, வரலையே."

அத்தை கதவுக்குப் பின்னாலிருந்து பேசினாள். எனக்கு முன்னால் வரமாட்டாள். "ஒரு 'லே' வரலையாக்கும்? நாள் முழுக்க ராஜதுரைய 'ஏலே, ஏலே'ன்னுதானே கூப்பிடுதிய!"

"அவன் நான் பெத்த கழுதை. இவுக மாப்பிள்ளைல்லா?"

உள்ளே யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். செல்லக்கனிதான்.

"காலைல சரியாயிரும்" என்றார் மாமா.

சரியாகவில்லை.

புரொபசர் அறையில் மாமாவை முதலில் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நான் உள்ளே நுழைந்தேன். மாமா சட்டென்று எழுந்து நின்றார்.

"வாங்க" என்றார். வாயிலிருந்து விழுந்துவிட்டது.

புரொபசர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓய், உட்காரும்."

"அவுக நிக்காகளே."

"அவன் நிக்கட்டும். நீர் உட்காரும்."

"எப்படி சார் உக்கார? அவுக நிக்காகளே."

எங்களுக்கு இருந்தது ஒரே நாற்காலி. மாமா எனக்குக் கையைக் காட்டினார். நான் மாமாவுக்குக் கையைக் காட்டினேன். இருவரும் நின்றோம். புரொபசரும் கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்றுவிட்டார். அவருக்குமே ஏன் என்று தெரிந்திருக்காது.

"உம்ம பிள்ளை கையைத் தூக்கினா எறக்க மாட்டேங்கறான். வகுப்பு நகரலை. ஒரு வார்த்தை கண்டிச்சிருக்கீரா?"

"அவுக தங்கமான ஆளு சார். நாங்க எப்படிக் கண்டிக்க?"

"பெத்த பிள்ளையை 'அவுக'ங்கறீரே! இதான் வியாதி. இவன் மண்டையிலே ஒண்ணும் இல்லே, எல்லாம் நீர் குடுக்கற செல்லம். இப்பவே என் முன்னாடி ஒரு அடி குடும். அப்பன்னா யாருன்னு அவனுக்குத் தெரியணும். இல்லேன்னா நம்பரை இப்பவே அடிச்சுடுவேன்."

ஆஜர் ரிஜிஸ்டரை இழுத்தார். பேனாவைத் திறந்தார்.

மாமாவின் முகத்தில் சந்து முழுக்கக் கொடுத்த கற்கண்டு தெரிந்தது. ராஜதுரையின் வருஷம் அந்தப் பேனா முனையில் இருந்தது. இந்தப் பக்கம் மகள் கல்யாணம். மாப்பிள்ளையை அடித்துவிட்டுப் பெண் கொடுத்தவர் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. மாமாவின் கை எழுந்து பாதியில் நின்றது, இறங்கியது, மறுபடி எழுந்தது. கிட்டக்கப் போனது, தொடவில்லை.

நான் உதவி செய்ய நினைத்தேன். "அடிங்க மாமா" என்றேன்.

"மாமாவா?" என்றார் புரொபசர்.

அந்தப் பதற்றத்தில்தான் அடி விழுந்தது. அரிசி மூட்டையை ஒற்றைக் கையால் நகர்த்துகிற கை. நான் அலமாரியில் போய் மோதினேன். மேலே இருந்த விடைத்தாள் கட்டு ஒன்று என் தலையில் அவிழ்ந்தது.

உடனே மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ மாப்ளே! கை நீட்டிட்டேனே! எம் மக வாழ்க்கை போச்சே!"

பிறகு எல்லாவற்றையும் அவரே சொல்லிவிட்டார். காமாலை, பத்லி, மீசை. நான் தாள்களைப் பொறுக்கினேன்.

புரொபசர் பேனாவை மூடினார். பிறகு, "டாக்டர் சீட்டு கொண்டுவந்தா போருமே, ஓய்" என்றார். "வியாதிக்காராளுக்கு லீவு உண்டு. மொத நாளே வாசிச்சேனே."

அன்று மாலை விச்சுவைப் பார்த்து, அந்த விதியை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ நன்னாத்தானே இருந்தே. உன்கிட்டே எதுக்குச் சொல்லணும்?" என்றான். அதுவும் நியாயம்.

நாங்கள் கிளம்பும்போது புரொபசர் என்னை மட்டும் நிறுத்தினார். "ஒரே ஒரு சந்தேகம். நிஜமாவே ஒண்ணுமே புரியலையா?"

"இல்லை சார்."

"ஒண்ணு கூடவா?"

"நம்பர் கூப்பிடுதது புரியும் சார்."

தலையை ஆட்டினார். என்னைப் போலீஸில் கொடுக்கவில்லை. பையனை அனுப்பச் சொன்னார். ராஜதுரை குணமாகிக் கல்லூரிக்குப் போனபோது பலகையில் முதல் நாள் எழுதிய வரிதான் மறுபடியும் ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு ஒரு பாடமும் போகவில்லை. இதற்கு யாரும் எனக்கு நன்றி சொன்னதில்லை.

கல்யாணம்தான் ஆட்டம் கண்டது. மாமா எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. என் அக்காவுக்குச் செய்தி போய்விட்டது. என்னை வளர்த்தவள் அவள்தான். என் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாலு விரலும் பதிந்திருந்தன.

"தாலி கட்டுததுக்கு முன்னாலயே கை நீட்டுத வீடு நமக்கு வேண்டாம்லே. நாளைக்கே போய்த் தாம்பூலத்தைத் திருப்பிக் குடுத்துருதேன்."

நான் எப்போதும் நீளமாகப் பேசுகிறவன் இல்லை. அன்று பேச வேண்டியிருந்தது. நல்ல கரியாகப் பொறுக்கிப் போட்டதெல்லாம் வீணாகிவிடுமே.

"அக்கா, பத்லி போனவன் தப்பு பண்ணுனா ஏச்சு வாங்குதது யாரு?"

"பத்லிதான்."

"அந்தத் தப்ப யாரு பேருல எழுதுவான்?"

"படுத்துக்கிடக்க ஆளு பேருல."

"அடி விழுந்தது நம்பருக்கு. நம்பரு ராஜதுரையோடது. நான் வாங்கி வச்சிருக்கேன், அவ்வளவுதான்."

அக்கா யோசித்தாள். மில் தொழிலாளி பெண்சாதி அவள். கணக்கு அவளுக்குச் சரியாக வந்தது. "அப்ப அத அவன்கிட்ட குடுத்துரு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். ஆவணியில் கல்யாணம் நடந்தது. மீசை பாதிதான் வளர்ந்திருந்தது. மாமா தாரை வார்த்துக் கொடுக்கும்போது என் கன்னத்தைப் பார்க்காமல் காதைப் பார்த்தார்.

ராஜதுரை பிறகு பெரிய இன்ஜினீயர் ஆனான். இப்போது ரிட்டயராகிச் செம்பூரில் இருக்கிறான். தலை முழுக்க நரை. தீபாவளிக்குப் பேரன் பேத்திகளோடு வருவான். சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, அந்தக் காலத்தில் கால்குலஸ் எவ்வளவு கஷ்டம், தான் எப்படி ஒரு வகுப்பு விடாமல் போய்ப் படித்தேன் என்று ஆரம்பிப்பான்.

உள்ளேயிருந்து செல்லக்கனி குரல் கொடுப்பாள். "என்னங்க, அவனோட அடி ஒங்ககிட்ட பத்திரமா இருக்கா?"

"இருக்கு" என்பேன்.

ராஜதுரை பேச்சை நிறுத்திவிட்டுக் கன்னத்தைத் தடவிக்கொள்வான்.